நாலாம் அறையில் போட்ட மூட்டம்

காலை ஒன்பது மணிக்கு மூட்டக்காரர் பழைய பழக்கிடங்கின் வாசலில் வந்து இறங்கினார். இருபத்தாறு வருஷமாக அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர். பஸ் அந்த வழியாகப் போனால்கூட, கிடங்கு வரும் பக்கத்து ஜன்னலை விட்டு எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்காருவார். வீட்டில் பழம் வாங்குவதில்லை. யாராவது வாங்கி வந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

"பழத்தைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிற ஆளு, பழக் கண்காட்சிக்குப் போறாராம்" என்று மனைவி சிரித்தாள். "குடைய எடுத்துக்கிட்டுப் போங்க. இன்னைக்கு மழை நிச்சயம்."

அவர் சிரிக்கவில்லை. கிடங்கின் பழைய முதலாளியின் பேத்தி, தாத்தா நினைவாகக் கிடங்கிலேயே வைக்கும் கண்காட்சிக்கு, இரண்டு தடவை வீடு தேடி வந்து கூப்பிட்டிருந்தாள். வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். அந்த 'ஏன்' என்ற சொல்லுக்குப் பயந்துதான் வந்தார்.

கிடங்கு அடையாளமே மாறியிருந்தது. வெள்ளை அடித்து, தரையை வழவழப்பாக்கி, மூலைக்கு மூலை விளக்குப் போட்டிருந்தார்கள். வாசலில் பத்தடி உயரத்துக்கு முதலாளியின் படம். மாம்பழ மஞ்சளில் கோட்டு, இலைப் பச்சையில் செருப்பு, தலையில் அன்னாசிக் கொண்டை மாதிரி தைத்த தொப்பி. ஊரெல்லாம் அவரைப் பப்பாளியார் என்றுதான் சொல்லும். அவருடைய காருக்கு வெளியே பச்சை, உள்ளே ஆரஞ்சு மெத்தை, மெத்தை முழுக்கக் கறுப்புப் பொத்தான்கள். கதவைத் திறந்தால் அறுத்து வைத்த பப்பாளிதான். அந்தக் காரும் நடுக் கூடத்தில் நின்றது. சுற்றிலும் அவர் போட்ட பன்னிரண்டு கோட்டுகள், தலையில்லாத பொம்மைகளின் மேல். ஒரு சுவர் முழுக்க, அவர் மூஞ்சி அச்சடித்த பழ ஸ்டிக்கர்கள் ஆயிரக்கணக்கில். எங்கே நின்றாலும் ஆயிரம் பப்பாளியார்கள் பல்லைக் காட்டினார்கள்.

"வாங்க ஐயா" என்று பேத்தி ஓடி வந்தாள். ஓவியக்காரி. விரல் நகத்திலெல்லாம் மஞ்சள் சாயம். "சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திறக்கிறோம். உங்களுக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு போட்டோவுல இருக்கிறவங்க யார் யாருன்னு சொல்லணும். தாத்தா பேரை மட்டும் எழுதி வச்சா நல்லாவா இருக்கும்?"

எந்தப் போட்டோ என்று அவர் கேட்கவில்லை. தெரியும்.

அது கூடத்தின் கடைசிச் சுவரில், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டு நின்றது. பக்கத்திலேயே நாலாம் அறையின் இரும்புக் கதவு. படத்துக்குள்ளும் அதே கதவு. அதன் முன்னால் பப்பாளியார் இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். சுற்றிலும் நாற்பத்திரண்டு தொழிலாளிகள். கதவின் இடுக்குகளிலிருந்து புகை அழகாகச் சுருண்டு வருகிறது.

மூட்டம் போடுவது என்பது இதுதான். வாழைக்காய்த் தார்களை அறைக்குள் தொங்கவிட்டு, வெளியே அடுப்பு மூட்டி, குழாய் வழியாகப் புகையை உள்ளே விட்டு, கதவு இடுக்கில் களிமண் பூசி அடைக்க வேண்டும். ஒன்றரை நாள் கழித்துத் திறந்தால் பச்சைக் காய் பொன்னாகத் தொங்கும். ஆறு அறைகளுக்கும் அந்த வேலையைச் செய்தவர் இவர். படத்தில் கதவுக்கு மிக அருகில், முதுகு கதவில் படாத குறையாக நிற்கும் மெலிந்த ஆளும் இவர்தான்.

ஒவ்வொரு தலையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இது தராசுக்காரர். இது லாரி மாமா. இவள் கூடை பின்னுகிறவள். பேத்தி எழுதிக்கொண்டாள்.

"ஐயா, இன்னொண்ணு" என்றாள் பேத்தி. "இந்தப் படம் எடுத்த வருஷம் இங்க ஒருத்தவங்க இறந்துட்டாங்கல்ல? வேலை நேரத்துல அறைக்குள்ள தூங்கிப்போயி, மூட்டத்துல மாட்டிக்கிட்டவங்க. சீப்பக்கான்னு சொல்வாங்களாமே. அவங்க மகள் லெட்டர் போட்டிருக்காங்க. நாலு மணிக்கு வர்றாங்க. அவங்கம்மா போட்டோ ஒண்ணுகூட அவங்ககிட்ட இல்லையாம். இந்தப் படத்துல கண்டிப்பா இருப்பாங்கன்னு நம்பி வர்றாங்க. யாரு அவங்க?"

தாரிலிருந்து சீப்பு அறுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வளைந்த கத்தியை ஒரு இழுப்பு, 'சரக்', சீப்பு அப்படியே கையில் உட்காரும். அதனால் சீப்பக்கா.

அந்தப் படத்தில் அவள் இல்லை.

ஏன் இல்லை என்று உலகத்தில் தெரிந்தவர் ஒருவர்தான்.

மூட்டக்காரரின் விரல் எழுந்தது. பின் வரிசையில், அசைந்துவிட்டதால் முகம் கலங்கிப்போன ஒரு பெண் இருந்தாள். பழம் பொறுக்க வந்து பத்து நாளில் நின்றுவிட்ட யாரோ.

"இதோ" என்றார். "இவதான்."

பேத்தி சந்தோஷமாக ஒரு சின்னச் சீட்டில் 'சீப்பக்கா' என்று எழுதி அந்தத் தலைக்குக் கீழே ஒட்டினாள்.

அப்போதுதான் முதல் தடவையாகப் புகை நாற்றம் வந்தது. ஈரச் சருகு எரிகிற நாற்றம். அதற்கு அடியில் கனிந்து அளிந்த பழத்தின் இனிப்பு.

"புகை வாசனை வர்ற மெஷின் ஏதாச்சும் போட்டிருக்கீங்களாம்மா?"

"மெஷினே இன்னும் வரலையே ஐயா. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

படத்துக்குப் பக்கத்தில் ஒலிக்காரர் ஒருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொந்தி பெருத்த, வாய் ஓயாத மனிதர். மூட்டக்காரரைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"பெரியவரே, நீங்க அன்னைக்கு அங்க இருந்தவர்தானே? இதக் கேளுங்க. போட்டோ எடுத்த அன்னைக்குப் பாட்டுக் கோஷ்டி வாசிச்சத டேப்புல பிடிச்சு வச்சிருக்காங்க. நாலாம் ரூமுக்குள்ள இதத்தான் ஓட விடப்போறோம். ஆனா இந்த மேளக்காரன் இருக்கானே, கையில மேளத்தைக் குடுத்தாங்களா உரலைக் குடுத்தாங்களான்னு தெரியல. தாளமே இல்லாம நடுநடுவுல தட்டுறான்."

காதில் மாட்டிவிட்டார்.

ஊதுகுழல். மேளம். பப்பாளியாரின் சிரிப்பு. "யாரும் அசையக் கூடாது! அசைஞ்சவன் நாளைக்கு வேலைக்கு வரவேணாம்!" கூட்டத்தின் சிரிப்பு.

எல்லாவற்றுக்கும் அடியில், இரும்பில் உள்ளங்கை.

தட். தட். தட்.

"மூணு தடவை அழிச்சிட்டேன்" என்றார் ஒலிக்காரர். "திரும்பப் போட்டா திரும்ப இருக்கு. எத்தனையோ டேப்பு பாத்தாச்சு, இப்படி ஒரு பிடிவாதம் பாத்ததில்ல. மேளம்தானே அது?"

"மேளம்தான்" என்றார் மூட்டக்காரர்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட அதே சொல்.

பேத்தி கூப்பிட்டாள். "ஐயா, நாலாம் அறையை மட்டும் ஒரு பார்வை பாத்துச் சொல்லிடுங்க. முன்ன இருந்த மாதிரியே பண்ணியிருக்கோமான்னு. அதுதான் கண்காட்சிக்கே உயிர்."

முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை. கதவை இழுத்துத் திறந்து உள்ளே காலை வைத்தார்.

அச்சு அசலாகச் செய்திருந்தார்கள். கரி பிடித்த சுவர்கள். உத்தரத்திலிருந்து வரிசை வரிசையாகத் தொங்கும் தார்கள். எல்லாம் மெழுகு. தொட்டுப் பார்த்தார். குளிர்ச்சியாக, செத்த வழவழப்பாக இருந்தது. மஞ்சள் விளக்கு ஒன்று தலைக்கு மேல் எரிந்தது. நாலு வரிசை தள்ளி, கடைசிச் சுவரில் இருட்டு.

சரக்.

அவர் நின்றார்.

வெளியே தச்சர்கள் ஏதோ அறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

சரக். கொஞ்சம் பக்கத்தில்.

மூன்றாவது வரிசையில் ஒரு தார் மெல்ல ஆடியது. காற்று இல்லை. யாரோ அதைப் பிடித்து வேலை செய்துவிட்டுக் கையை எடுத்த மாதிரி ஆடியது. பிறகு அங்கிருந்து ஓர் இருமல். சின்ன இருமல். வேலைக்கு நடுவே, அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருமுகிற இருமல்.

அவர் திரும்பினார். கதவு சாத்தியிருந்தது.

தள்ளினார். அசையவில்லை. கையால் இடுக்கைத் தடவினார். வெளிப்பக்கத்திலிருந்து பிதுங்கி வந்த களிமண், ஈரமாக, விரலில் ஒட்டியது.

புதுக் களிமண்.

உள்ளங்கையால் தட்டினார். வெளியே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒலிக்காரரின் சிரிப்புக்கூடத் தெளிவாகக் கேட்டது. அவர் தட்டுவது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. கத்த வாயைத் திறந்தார். புகை உள்ளே போனது.

முதுகுக்குப் பின்னால் கடைசியாக ஒரு 'சரக்'.

கையின் மேல் கனமாக ஏதோ வந்து உட்கார்ந்தது.

கதவு திறந்தது.

"என்ன பெரியவரே, வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள போகலையா?" ஒலிக்காரர் தலையை நீட்டினார். "கதவ ஒரேயடியாத் தொறந்து வச்சிருக்கு, ஏன் தட்டுறீங்க?"

மூட்டக்காரர் குனிந்து பார்த்தார். கையில் ஒரு சீப்பு. மெழுகுச் சீப்பு. அறுபட்ட இடத்திலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டையில் பட்ட இடமெல்லாம் பழுப்பாகக் கறை ஏறியது.

"மெழுகு கறை பிடிக்குமா?" என்று ஒலிக்காரர் கேட்டார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயடியைக் காட்டினார்.

குழாயடியில் அரை மணி நேரம் கையைத் தேய்த்தார். வாழைக்கறை அவ்வளவு சுலபத்தில் போகாது. அவருக்குத் தெரியாததா?

நாலு மணிக்கு மகள் வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தாய் போனபோது ஒன்பது.

பேத்தி அவளைப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "இவங்கதான். ஐயாதான் அடையாளம் காட்டினார்."

மகள் அந்தக் கலங்கிய முகத்தை வெகுநேரம் பார்த்தாள். விரல் நுனியால் அதன் கன்னத்தைத் தொட்டாள்.

"எனக்கு அம்மா முகம் மறந்தே போச்சு" என்றாள். "இப்படித்தான் இருந்திருப்பாங்களா? மூக்கு என்ன மாதிரி இல்லையே." பிறகு சிரித்தாள். "ஸ்கூல்ல என்ன தூங்குமூஞ்சின்னுதான் கூப்பிடுவாங்க, ஐயா. தூங்கிச் செத்தவ மகள். கட்டிக்கிட்ட இடத்துலயும் அதான் பேச்சு. எங்க மாமியாருக்கு நான் கொட்டாவி விட்டாலே போதும். ஆனா எனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கு. எங்கம்மா ராத்திரியிலகூட ஒழுங்காத் தூங்கமாட்டாங்க. நான் புரண்டு படுத்தாலே முழிச்சுக்குவாங்க. பகல்ல எப்படித் தூங்கினாங்க?"

மூட்டக்காரர் கறை போகாத விரல்களை மடக்கிக்கொண்டார்.

பழக்கமாகிப்போன பொய்தான். இன்னும் அரை மணி நேரம் அதைக் காப்பாற்றினால் போதும். இவள் அந்த வேற்று முகத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய், பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை மாட்டுவாள். யாரோ ஒருத்தியைத் தினமும் அம்மா என்று கும்பிடுவாள்.

மகள் போனை எடுத்தாள்.

"எடுக்காதம்மா" என்றார் அவர். "அது உங்கம்மா இல்ல."

பேத்தி திரும்பினாள். "ஐயா?"

"உங்கம்மா தூங்கல."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னார். ஒவ்வொருவருக்கும் எண் போட்ட தகர வில்லை உண்டு. அறைக்குள் போகிறவர் வில்லையைக் கதவருகே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணி வெறுமையாகாமல் கதவைச் சாத்தக் கூடாது. சாத்துவதற்கு முன்னால் உள்ளே ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும். பதினொரு வருஷம் ஒரு நாளும் அவர் தவறியதில்லை.

"அன்னைக்கு முதலாளி வந்தாரு. படத்துல சுவர் சுத்தமா இருக்கணும், அந்தத் தகரக் குப்பையெல்லாம் எடுங்கடான்னாரு. ஆறு ஆணியில இருந்ததையும் வாரிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டேன். எது எந்த ஆணின்னு பாக்கல. எல்லாரும் படத்துக்கு வந்துட்டாங்கன்னு நெனச்சேன். புகை வேணும், புகை வேணும்னு அவர் கத்தறாரு. நாலாம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு அடுப்பை மூட்டிட்டேன். படத்துல புகை விழட்டும்னு களிமண்ண மட்டும் அப்புறமாப் பூசினேன். சுத்திப் பாக்கல. உங்கம்மா கடைசி வரிசையில அளிஞ்ச சீப்பை அறுத்துக்கிட்டிருந்திருக்காங்க."

பேத்தி கையிலிருந்த பேனாவை மூடினாள்.

"சாயங்காலம் எல்லாரும் வந்து வில்லையை வாங்கிக்கிட்டாங்க. ஒண்ணு மிஞ்சிப்போச்சு. பதினேழாம் நம்பர். அத வச்சுக்கிட்டு அங்கேயே நின்னேன். அப்பவும் கதவைத் திறக்கல. உள்ள எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்கம்மா மேலங்கி குழாயடியில தொங்கிச்சு. அதோட பையில வில்லையைப் போட்டுட்டேன். வில்லை மாட்டாம உள்ள போயித் தூங்கின மாதிரி ஆகட்டும்னு. மறுநாள் திறந்தப்ப, சுத்திப் பாத்தியான்னு முதலாளி கேட்டாரு. பாத்தேன்னு சொன்னேன்."

மகள் அழவில்லை. கத்தவில்லை. அறைந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"முழிச்சிருந்தா தட்டியிருப்பாங்களே" என்றாள்.

"தட்டினாங்க."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு பாட்டு."

"ரெண்டு பாட்டு" என்று அவள் திரும்பச் சொன்னாள். படத்தில் கதவருகே நிற்கும் மெலிந்த ஆளைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "தட்டினது மட்டும்தானா? ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லம்மா" என்றார். "தட்டினது மட்டும்தான்."

அது பொய். இவ்வளவையும் கொட்டியவரால் அந்த ஒன்றை மட்டும் கொடுக்க முடியவில்லை. தட்டியதையாவது மேளம் என்று நினைத்துவிட்டதாகச் சமாளிக்கலாம். கூப்பிட்டதை எதோடும் சேர்க்க முடியாது.

மகள் கையை நீட்டி, கலங்கிய முகத்தின் கீழ் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் உரித்து எடுத்தாள். படத்தில் புகை சுருளும் இரும்புக் கதவின் நடுவில் அதை ஒட்டினாள். உள்ளங்கையால் அழுத்தினாள்.

"இங்க இருக்காங்க" என்றாள். அதைத்தான் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

பேத்தி படத்துக்குக் கீழே இருந்த விளக்கப் பலகையைப் பார்த்தாள். "தூங்கிப்போனார்னு இருக்கிற வரியை இப்பவே எடுத்துடறேன். ஐயா, நீங்க சொன்னதை எழுதித் தர்றேன், கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றாள். அவர் தலையாட்டினார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். நெஞ்சில் ஒரு பாரம் குறைந்த மாதிரி இருந்தது. குறைந்தது என்று நினைத்ததற்கே வெட்கமாகவும் இருந்தது.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். கூட்டம் உள்ளே வந்தது. மஞ்சள் கோட்டுகளைப் பார்த்துச் சிரித்தது. பப்பாளிக் காருக்குள் எட்டிப் பார்த்தது. ஒவ்வொருவராக நாலாம் அறைக்குள் போய் வந்தார்கள். மகள் இரண்டடி தள்ளி, படத்தின் முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே நாலாம் அறையிலிருந்து வெளியே வந்தார். கைப்பையில் முகவாய்க்கட்டையை ஊன்றி இரண்டு தடவை இருமினார்.

"இவ்வளவு புகை எதுக்கும்மா போடறீங்க?" என்று பேத்தியைக் கேட்டார். "பாவம், அந்த வேலைக்காரம்மா எப்படித்தான் நிக்கறாங்களோ."

"நாங்க உள்ள ஆள் யாரையும் நிறுத்தலையே" என்றாள் பேத்தி.

"கடைசி வரிசையில நிக்கறாங்களேம்மா, கையில கத்தி வச்சுக்கிட்டு. என்னோட பேசினாங்களே." அந்த அம்மாள் கூட்டத்தைச் சுற்றிலும் பார்த்தார். "இங்க மூட்டண்ணன்ங்கறது யாருங்க?"

அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான்.

மூட்டக்காரர் எழவில்லை. மகள் மெல்லத் திரும்பினாள்.

"ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க" என்றார் அந்த அம்மாள். "மூட்டண்ணே, நான் உள்ள இருக்கேன், கதவைத் திறங்கன்னு. வெளிய நிக்கறாரு, சிரிக்கிற சத்தம் கேக்குது, ரொம்ப நேரமாக் கூப்பிடறேன்னாங்க."